வீரமும் லெக் பீஸும்

இறந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆன பிறகும் ஓர் உயிரை நிம்மதியாகக் கிடக்கவிடாமல் சண்டைக்கு இழுப்பது மனிதனால் மட்டுமே ஆகிற காரியம். டி. ரெக்ஸுக்கும் ஸ்பைனோசாரஸுக்கும் எந்தக் காலத்திலும் வாய்க்கால் வரப்புத் தகராறு இருந்ததில்லை. முன்னது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்தது. பின்னது வட ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரைகளில். ஆனாலும் 2001இல் வந்த மூன்றாவது ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் இரண்டையும் ஒரே காட்டில் எதிரெதிரே நிறுத்தி, ஸ்பைனோசாரஸ் டி. ரெக்ஸின் கழுத்தை முறித்துப் போடுவதாகக் காட்டினார்கள். தங்கள் நாயகன் பாதிப் படத்துக்கு முன்னாலேயே செத்துப்போனதை டி. ரெக்ஸ் ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. 2022இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்டு டொமினியன்’ படத்தில் ஜிகனோட்டோசாரஸை வில்லனாக இறக்கி, டி. ரெக்ஸை ஜெயிக்கவைத்து ஒருவாறு பரிகாரம் செய்தார்கள். அதிலும் நீண்ட நகங்கள் கொண்ட ஒரு தாவர உண்ணி கைகொடுத்ததால்தான் காரியம் முடிந்தது. கதாநாயகனைக் காப்பாற்ற ஒரு சுத்த சைவப் பேர்வழி வரவேண்டியிருந்ததைப் பற்றி ரசிகர்கள் வெளியே பேசுவதில்லை.

இந்த வழக்கில் என் கட்சி இது: ஊனுண்ணி டைனோசர்களின் பலத்தைத் தாராளமாக ஒப்பிடலாம், எலும்பில் ஆதாரம் ஏராளமாகக் கிடக்கிறது. ஆளுக்கு ஆள் மோதவிட்டுப் பார்க்கிற முறைதான் கோணல். ஓர் ஊனுண்ணியின் ஆயுட்கால எதிராளி அதன் சாப்பாடு. எவ்வளவு பலம் வேண்டும், உடம்பின் எந்த இடத்தில் வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சாப்பாடுதான் தீர்மானித்தது. ஆகவே ‘யார் யாரை அடிப்பார்’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘யார் எதைத் தின்றார்’ என்று கேட்டால் விடை தானாக வரும். கேள்வியில் வீரம் கொஞ்சம் குறைச்சல்தான், ருசி அதிகம்.

முதலில் தேதிக் கணக்கு. அல்லோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். ஸ்பைனோசாரஸும் ஜிகனோட்டோசாரஸும் சுமார் 9½ கோடியிலிருந்து 10 கோடி ஆண்டுகளுக்கு முன். டி. ரெக்ஸ் கடைசியாக வந்தது. 6 கோடியே 80 லட்சத்திலிருந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தது. டி. ரெக்ஸ் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அல்லோசாரஸ் ஏற்கெனவே கல்லாகிப் போயிருந்தது. கால தூரத்தைக் கணக்கிட்டால், டி. ரெக்ஸ் அல்லோசாரஸைவிட நமக்குத்தான் நெருக்கம். சண்டை நடக்கிற வாய்ப்பை மட்டும் பார்த்தால் அது அல்லோசாரஸோடு மல்லுக்கட்டுவதைவிட நம்மோடு மல்லுக்கட்டுவதே நியாயம். நமக்கு அதில் ஆர்வம் இல்லை என்பதால் அதை வெளியூர் ஆளோடு கோத்துவிடுகிறோம். ‘எல்லாம் கற்பனைக்குத்தானே ஐயா’ என்று கேட்கலாம். கேட்பவர்கள் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள். கும்பகர்ணனா, கர்ணனா என்று இரண்டு இதிகாசத்து ஆட்களை ஒரே மேடையில் நிறுத்தித் தீர்ப்பும் வாங்கிய சமூகத்துக்கு மூன்று கோடி ஆண்டு இடைவெளி ஒரு பொருட்டல்ல. சரி, கற்பனைக்கு அனுமதி உண்டு. கற்பனைக்கும் கொஞ்சம் எலும்பு வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

வாதம் தொடங்கியதும் இரு தரப்பும் முதலில் தூக்குவது எடைக்கல். கனடாவின் சஸ்காட்செவனில் 1991இல் கிடைத்த ‘ஸ்காட்டி’ என்கிற டி. ரெக்ஸின் எடை 8,870 கிலோ என்று 2019இல் ஒரு கணக்கு வந்தது. எப்படி எடை போட்டார்கள்? தொடையெலும்பின் சுற்றளவை எடுத்து, இன்றைக்கு வாழும் விலங்குகளின் எலும்புச் சுற்றளவுக்கும் எடைக்கும் உள்ள உறவை வைத்துப் பெருக்கினார்கள். நல்ல முறைதான், ஆனால் 8,870 என்று அந்தக் கடைசி 70 கிலோவரை சொல்லும்போது, ஸ்காட்டி அன்று காலை சாப்பிட்டதா, இல்லையா என்பதையும் சொல்லியிருக்கலாம். தெற்கு டகோட்டாவில் 1990இல் கண்டெடுத்த ‘ஸூ’ என்கிற இன்னொரு டி. ரெக்ஸின் கதை இதைவிட வேடிக்கை. சுமார் 12.3 மீட்டர் நீளம் என்பதில் சிக்கல் இல்லை. எலும்பு இருக்கிறது, நாடா பிடித்தால் போதும். எடை மட்டும் ஆய்வாளருக்கு ஆய்வாளர் டன் கணக்கில் ஏறி இறங்கியிருக்கிறது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்காக அதை 1997இல் ஏலத்தில் எடுத்த விலை 83 லட்சத்து 60 ஆயிரம் டாலர். எடை போடாமல் வாங்கிய சரக்கில் அதுவரை இவ்வளவு விலை கொடுத்தது வேறு எதற்காவது இருந்திருக்குமா என்று தெரியவில்லை. அதிலும் கறி இல்லை, எலும்பு மட்டும்.

எதிர்த்தரப்பின் எடைக்கல் இதைவிட ஆட்டம். ஜிகனோட்டோசாரஸை அர்ஜென்டினாவின் நியூக்கென் மாகாணத்தில் 1993இல் கண்டுபிடித்தவர் ரூபென் கரோலினி, எலும்பு தேடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த ஒரு மெக்கானிக். 1995இல் அது ‘நேச்சர்’ இதழில் வெளியானதும் டி. ரெக்ஸின் நாற்காலி ஆடத் தொடங்கியது. பிறகு அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு விலங்கின் கீழ்த்தாடைத் துண்டு ஒன்று, முதல் எலும்புக்கூட்டில் உள்ளதைவிட 8 சதவீதம் பெரிதாகக் கிடைத்தது. ரசிகர்களுக்கு அது போதும். தாடை 8 சதவீதம் பெரிதென்றால் ஆளும் 8 சதவீதம் பெரிது என்று வைத்து ஒரு முழு ராட்சதனையே நிறுத்திவிட்டார்கள். வாய் பெரிதாக இருப்பவர்கள் எல்லோரும் ஆளும் பெரிதாகத்தான் இருப்பார்கள் என்பது நம் பொதுவாழ்க்கை அனுபவத்துக்குக்கூட ஒத்துவராத முடிவு. ஸ்பைனோசாரஸின் நிலைமை பரிதாபம். எகிப்தில் கிடைத்த எலும்புகளை வைத்து எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915இல் அதை அறிமுகப்படுத்தினார். 1944 ஏப்ரலில் மியூனிக் நகரத்தின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டபோது அருங்காட்சியகத்தோடு அந்த எலும்புகளும் போயின. பல கோடி ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது மனிதர்கள் கையில் வந்து முப்பது சொச்சம் ஆண்டுகூட நிற்கவில்லை. மொராக்கோவில் கிடைத்த எலும்புகளை வைத்து 2014இல் அதை மறுபடி கட்டி எழுப்பினார்கள். நீளம் 14 மீட்டர் அளவு, அதாவது டி. ரெக்ஸைவிட நீளம், எடை அதைவிடக் குறைவு என்றே அண்மைக் கணக்குகள் சொல்கின்றன. நீளத்துக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் மலைப்பாம்புக்கும் போடவேண்டிவரும்.

எடையை நம்பினால் கரை சேரமாட்டோம். கடிக்கு வருவோம், சுவாரசியம் அங்கேதான். 1996இல் கிரிகரி எரிக்ஸன் என்கிற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும், டி. ரெக்ஸ் பல் பதிந்த ஒரு டிரைசெராடாப்ஸ் இடுப்பெலும்பை எடுத்துக்கொண்டார்கள். டி. ரெக்ஸின் பல்லைப் போல உலோகத்தில் ஒன்று வார்த்து, அதை ஓர் இயந்திரத்தில் பொருத்தி, மாட்டின் இடுப்பெலும்பில் அதே ஆழத்துக்கு இறக்கிப் பார்த்தார்கள். 6,410இலிருந்து 13,400 நியூட்டன் வரை விசை தேவைப்பட்டது. இது டி. ரெக்ஸ் அன்று கடித்த கடி. முழுமூச்சாகக் கடித்த கடி என்று சொல்ல முடியாது. 2012இல் கணினி மாதிரியை வைத்து வேறு இருவர் போட்ட கணக்கு 35,000இலிருந்து 57,000 நியூட்டன் என்றது. 2017இல் எரிக்ஸனே இன்னொருவரோடு சேர்ந்து 8,526இலிருந்து 34,522 வரை என்று இறக்கினார். டி. ரெக்ஸின் பல்லைவிட அதன் கணக்குதான் வேகமாக வளர்ந்து தேய்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடு இருப்பவர் ஒருவர் உண்டு: உவர்நீர் முதலை. அதன் கடியை நேரிலேயே அளந்திருக்கிறார்கள், 16,414 நியூட்டன்; நம் பேச்சில் சொன்னால் ஒன்றரை டன்னுக்கு மேல். அளவுமானியைக் கம்பில் பொருத்தி முதலையின் வாய்க்குள் நீட்டி எடுத்த அளவு இது. அந்த இடத்தில் இருந்தவர்களில் பலசாலி முதலையா, கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவரா என்பது தனி ஆராய்ச்சி. டி. ரெக்ஸின் 2017 கணக்கின் மேல்வரம்பு இதைப் போல இரண்டு மடங்கு.

இவ்வளவு கடி எதற்கு? அங்கேதான் என் வாதம் காலூன்றுகிறது. டி. ரெக்ஸின் ஊரில் சாப்பாடு சுலபமாகக் கிடைத்ததில்லை. டிரைசெராடாப்ஸுக்கு மூன்று கொம்பு, கழுத்தைச் சுற்றி எலும்புக் கேடயம். அங்கிலோசாரஸுக்கு உடம்பெல்லாம் கவசம், வாலில் ஒரு குண்டாந்தடி. இவற்றைத் தின்று பிழைக்கவேண்டியவனுக்குக் கூரான பல் உதவாது, உடைந்துபோகும். தடித்த, நல்ல ஆழமாக வேரோடிய, எலும்போடு சேர்த்து நொறுக்குகிற பல் வேண்டும். அதே சஸ்காட்செவனில் கிடைத்த, 1998இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு இதற்கு நேரடிச் சாட்சி: 44 சென்டிமீட்டர் நீளமுள்ள, கல்லாகிப்போன மலம். டி. ரெக்ஸுடையது என்றே கருதுகிறார்கள்; அந்த அளவுக்கு அந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை. உள்ளே நிறைய நொறுங்கிய எலும்புத் துண்டுகள். மாவீரர்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் ஆதாரமாக இருக்கும்; இவருக்கு இது. சிரிக்கவேண்டாம், கல்வெட்டில் பொய் எழுதலாம், இதில் முடியாது.

இப்போது ஜிகனோட்டோசாரஸின் சாப்பாட்டு மேசைக்குப் போவோம். அதன் ஊரில் கொம்பும் கவசமும் கொண்டவை அல்ல, நீண்ட கழுத்துள்ள பெரிய தாவர உண்ணிகள்தான் மேய்ந்தன. அவ்வளவு பெரிய தொடையின் எலும்பை நொறுக்க நினைப்பது வீண் வேலை. சதையை அறுத்து ரத்தம் போகவிட்டால் போதும். அதன் பற்கள் பக்கவாட்டில் தட்டையானவை, விளிம்பில் ரம்பப் பல் கொண்டவை. ஸ்பைனோசாரஸின் பற்களோ கூம்பு வடிவம், ரம்பமே இல்லை. வழுக்குகிற மீனைக் குத்திப் பிடிப்பதற்கானவை. இத்தாலியின் மிலான் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு ஸ்பைனோசாரஸ் மேல்தாடையில், பல் குழிக்குள் ஒரு பெரிய மீனின் முதுகெலும்புத் துண்டு சிக்கியிருந்தது. பல்லிடுக்கில் மீன்முள் மாட்டிக்கொண்ட சங்கடத்தோடு ஒரு ராட்சதன் கல்லாகியிருக்கிறான். ஆக, நம் முன்னால் இருப்பவை ஒரு பாக்குவெட்டி, ஓர் அரிவாள்மனை, ஒரு தூண்டில். மூன்றில் எது பலமானது என்று கேட்டால் சமையல் தெரிந்த எவரும் ‘இன்றைக்கு என்ன குழம்பு’ என்றுதான் திருப்பிக் கேட்பார்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 18 வகை ஊனுண்ணிகளின் மண்டையோடுகளைக் கணினியில் ஏற்றி, கடிக்கும்போது எலும்பில் எங்கெங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று பார்த்து 2025இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு சாட்சி. உடம்பு பெருத்தவுடன் எல்லோருக்கும் ஒரே மாதிரி மண்டையோடு வந்துவிடவில்லை. டி. ரெக்ஸின் மண்டையோடு தன் சொந்தக் கடியின் அழுத்தத்தையே அதிகம் சுமந்தது. அவ்வளவு தசை, அவ்வளவு விசை. மற்ற ராட்சதர்கள் இலகுவான மண்டையோட்டை வைத்துக்கொண்டு வெட்டிக் கிழித்துப் பிழைத்திருக்கிறார்கள். அல்லோசாரஸின் கணக்கு இன்னும் விசித்திரம். 2001இல் எமிலி ரேஃபீல்டும் மற்றவர்களும் செய்த ஆய்வின்படி அதன் தாடைத் தசைகளின் கடி சுமார்தான். ஆனால் மண்டையோடு தாங்கக்கூடிய விசை 55,000 நியூட்டனையும் தாண்டியது. தான் கொடுக்கக்கூடியதைப் போலப் பல மடங்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த தலை. இதை எதற்குப் பயன்படுத்தியது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கடி பலம் பட்டியலில் அல்லோசாரஸ் கடைசி வரிசையில் நிற்கும். தாங்கும் பலம் என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் வரிசைக்கு வந்துவிடும். எந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது என்பது ஒட்டுகிறவரின் மனச்சாய்வு.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, ‘அதெல்லாம் சரி, இரண்டு ஊனுண்ணிகள் நேருக்கு நேர் வந்தால் சண்டை போடாதா?’ என்று கேட்பார். போட்டிருக்கின்றன, ஆதாரமும் உண்டு. டி. ரெக்ஸின் குடும்பத்தைச் சேர்ந்த பல விலங்குகளின் முகத்தில், தன் இனத்துப் பல்லே பட்ட தழும்புகள் இருக்கின்றன. டி. ரெக்ஸ் எலும்புகளில் டி. ரெக்ஸ் பல் தடங்களும் கிடைத்திருக்கின்றன; செத்தவனைத் தின்றிருக்கிறது. ஆனால் இவை எல்லாம் பங்காளிச் சண்டை. இடத்துக்காகவோ, இணைக்காகவோ, பிணத்துக்காகவோ சொந்தக்காரனோடு முட்டிக்கொள்வதை வைத்து, கண்டம் தாண்டிய சாம்பியன் பட்டத்தைத் தீர்மானிக்க முடியாது. ஒரே ஊரில் வேறு வேறு ராட்சதர்கள் இருந்த இடமும் உண்டு. வட ஆப்பிரிக்காவில் ஸ்பைனோசாரஸும் கார்கரோடான்டோசாரஸும் ஒரே காலத்தில் இருந்தன. தாவர உண்ணிகளைவிட ஊனுண்ணி எலும்புகள் அங்கே அதிகம் கிடைப்பதைப் பார்த்து ஸ்ட்ரோமரே குழம்பினார். அதற்கு விடை ஆற்றில் கிடந்தது. ஒருவர் மீன் பிடித்தார், மற்றவர் தரையில் கறி தின்றார். ஒரே தெருவில் இரண்டு கடை, சரக்கு வேறு வேறு. தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் இறங்கி ஸ்பைனோசாரஸ் மீன் பிடித்தது என்பதில்தான் இப்போது ஆய்வாளர்களுக்குள் சண்டை. டைனோசர்களைவிட அவர்கள் ஆக்ரோஷமாகவே மோதுகிறார்கள்.

சண்டையை விரும்புகிற ஊனுண்ணி நீண்டநாள் ஊனுண்ணியாக இருக்க முடியாது என்பதற்கு அமெரிக்காவின் வயோமிங்கில் 1991இல் கிடைத்த ‘பிக் அல்’ என்கிற அல்லோசாரஸைக் காட்டலாம். முழு வளர்ச்சிகூட அடையாத அந்த விலங்கின் எலும்புகளில் 19 முறிந்தோ சீழ்பிடித்தோ இருந்தன. விலா, கால்விரல் என்று ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஒரு உடம்பு. தன்னைவிடப் பெரிய சாப்பாட்டோடு மல்லுக்கட்டிய தொழிலில் இது சகஜம். இன்னோர் அல்லோசாரஸின் வால் எலும்பில் ஸ்டெகோசாரஸின் வால்முள் குத்திய ஓட்டை இருக்கிறது. சாப்பாடே இப்படித் திருப்பி அடிக்கும்போது, சாப்பிட முடியாத இன்னொரு பயில்வானிடம் போய் வம்பு வளர்க்க எந்த விலங்குக்கும் புத்தி கெட்டுவிடவில்லை. காலில் அடிபட்டால் வேட்டை இல்லை, வேட்டை இல்லாவிட்டால் உயிர் இல்லை. மருத்துவ விடுப்பு இல்லாத வேலை.

ஊனுண்ணிகளின் உண்மையான மனப்பாங்கைத் தெரிந்துகொள்ள ஒரு வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்போம். டி. ரெக்ஸின் உறவினனான கோர்கோசாரஸ் ஒன்றின் இளம் எலும்புக்கூடு, கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்து 2023இல் ஆய்வாக வெளிவந்தது. ஐந்திலிருந்து ஏழு வயது, மூன்று ஆள் எடையை மிஞ்சிய உடம்பு. அதன் வயிற்றுக்குள் இருந்தவை: ஒரு வயதுகூட ஆகாத இரண்டு சிறு டைனோசர்களின் பின்னங்கால்கள். இரண்டு வேறு வேளைகளில் தின்றது. தலை இல்லை, உடல் இல்லை, கால் மட்டும். கறி நிறைந்த இடத்தை மட்டும் பார்த்து எடுத்திருக்கிறது. கொடூரம், கர்ஜனை, கண்டத்தின் சக்கரவர்த்தி என்று நாம் எழுப்பிய கோபுரத்தின் அடியில் கிடப்பது இரண்டு லெக் பீஸ். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் பந்தியில் அடுத்த முறை தங்கள் இலையைப் பார்த்துக்கொள்ளவும்.

வீரத்துக்கு ஆதாரமே இல்லையா என்று மனம் தளரவேண்டாம். நேரடி ஒளிப்பதிவுக்கு நிகரான ஒரு சண்டை நம்மிடம் உண்டு. 1971இல் போலந்து, மங்கோலிய ஆய்வாளர்கள் கோபி பாலைவனத்தில் கண்டெடுத்த ஒரு புதைபடிவத்தில், வெலாசிராப்டரும் புரோட்டோசெராடாப்ஸும் கட்டிப் புரண்டபடியே கல்லாகியிருக்கின்றன. வெலாசிராப்டரின் கால் நகம் எதிராளியின் கழுத்துப் பக்கம். எதிராளியின் அலகு வெலாசிராப்டரின் வலது கையைக் கவ்வியிருக்கிறது. முடிவு டிரா, இருவரையும் மண் மூடியது. கவனிக்கவேண்டியது: இங்கேயும் எதிரே நிற்பது சாப்பாடுதான், இன்னொரு ஊனுண்ணி இல்லை. வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான் இருக்கும், உடம்பில் இறகும் உண்டு என்பதைச் சினிமா நமக்குச் சொல்ல மறந்துவிட்டது.

‘டி. ரெக்ஸ் பிணம் தின்னிதானே, அதற்கு என்ன பலம்?’ என்பது இன்னோர் ஆட்சேபம். ஜாக் ஹார்னர் என்கிற பெரிய ஆய்வாளர் இதை வெகுநாள் வாதிட்டார். மூன்றாவது ‘ஜுராசிக் பார்க்’கின் ஆலோசகரும் அவரே என்பதை டி. ரெக்ஸ் ரசிகர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். இதற்குப் பதில் 2013இல் வந்தது: எட்மண்டோசாரஸ் வகைத் தாவர உண்ணி ஒன்றின் வால் எலும்புக்குள் டி. ரெக்ஸின் பல் உடைந்து மாட்டியிருக்க, அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து ஆறியிருந்தது. புண் ஆறியது என்றால் கடிபட்டது உயிரோடு தப்பியிருக்கிறது. உயிரோடு இருந்ததைத்தான் துரத்திக் கடித்திருக்கிறது. டி. ரெக்ஸ் வேட்டையாடியது என்பதற்கு நம்மிடம் உள்ள தலைசிறந்த அத்தாட்சி, அது கோட்டைவிட்ட வேட்டை. வேகத்தைப் பற்றியும் பீற்றிக்கொள்ள இடமில்லை. 2002இல் ஜான் ஹட்சின்சனும் இன்னொருவரும் போட்ட கணக்கில், 6,000 கிலோ எடையுள்ள ஒரு கோழி ஓடவேண்டுமானால் கால் தசை மட்டுமே அதன் மொத்த உடல் எடையை மிஞ்சவேண்டும் என்று வந்தது. கோழிக்கே இந்தக் கதி என்றால் டி. ரெக்ஸுக்கு? மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டருக்கு மேல் போனால் கால் எலும்பு தாங்காது என்று 2017இல் ஒரு கணக்கு சொன்னது. ‘ஜுராசிக் பார்க்’கில் அது ஜீப்பைத் துரத்தும் காட்சியில் ஜீப் ஓட்டியவர் அவ்வளவு பதறியிருக்கவேண்டாம்.

‘நம்ம ஊர்ப் பயில்வான் யாரும் இல்லையா?’ என்ற ஆதங்கம் நியாயமானது. இந்தியத் தரப்பில் குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்து 2003இல் அறிமுகமான ராஜசாரஸ் இருக்கிறது. 6½ மீட்டர் அளவு, நெற்றியில் ஒரு சிறு கொம்பு, டி. ரெக்ஸின் சமகாலத்தது. அது எதைத் தின்றது என்பதற்கு நேரடிச் சாட்சி இல்லை. அதே குஜராத்தில் டைனோசர் குஞ்சைத் தின்ன முட்டைக் கூட்டுக்குள் சுருண்டிருந்த ஒரு பாம்பு மட்டும் கையும் களவுமாகக் கல்லாகிப் பிடிபட்டது. தமிழ்நாட்டின் வேட்பாளர் கதைதான் நெஞ்சை உருக்கும். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து, யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் புருகத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசரை அறிவித்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். வகை? ஊனுண்ணி. அந்த அளவில் ஓர் ஊனுண்ணி என்றால் டி. ரெக்ஸும் ஜிகனோட்டோசாரஸும் அதன் முன்னால் கைகட்டி நிற்கவேண்டியதுதான். 1995இல் சங்கர் சட்டர்ஜி அது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மாற்றி வைத்தார். எட்டு ஆண்டுகள், காகிதத்திலாவது, உலகத்தின் மிகப்பெரிய அசைவப் பிரியர் அரியலூர்க்காரராக இருந்தார், பிறகு சைவமாகிவிட்டார். எலும்புகளும் கட்டி எடுத்துவரும்போதே பொடிந்துபோய்விட்டன. படங்கள் மட்டும் மிச்சம். உடம்பு எவ்வளவு பெரிது என்பது பலத்துக்கு எவ்வளவு அற்பமான சாட்சி என்று இதைவிடத் தெளிவாக எந்த ஜிகனோட்டோசாரஸும் சொல்லித்தர முடியாது. எதைத் தின்றது என்று தெரியாதவரை, இரண்டு மீட்டர் எலும்பும் ஊமைச் சாட்சிதான்.

ஆகவே, தீர்ப்பைக் கேட்டே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: கடியில் டி. ரெக்ஸை மிஞ்ச ஆள் இல்லை, என் ஓட்டு அதற்கே. ஆனால் அந்தக் கடியை அதற்கு வாங்கிக் கொடுத்தவை மூன்று கொம்பும் கேடயமும் குண்டாந்தடியுமாக எதிரே வந்து நின்ற சாப்பாடுகள். டிரைசெராடாப்ஸ் மட்டும் வெண்ணெய்போல் மிருதுவாகப் பிறந்திருந்தால் டி. ரெக்ஸின் பல் இந்தக் கட்டுரைக்கு வந்திருக்காது. கோப்பையில் பாதியை டிரைசெராடாப்ஸுக்கு வெட்டிக் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் மட்டும் கைதட்டலாம். மற்றவர்கள் ஸ்பைனோசாரஸ் கட்சியில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், அங்கே மீனாவது கிடைக்கும்.